தளவானூரைக் காட்டாத உலாவி

பழைய கணினிகளை வைத்துக்கொண்டு பொதுமக்களுக்குப் பணிசெய்யும் நண்பர்களுக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். இணையப் பக்கங்களைத் திறக்கும் உலாவி ஒன்றில் ஏற்பட்ட பழுதை நான் தேடிய கதை இது. பழுதைச் செய்தவனும் நானே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் தெரிந்து நீங்கள் வருந்த வேண்டாம்.

1. நான்கு கணினிகள்

கல்லூரி நூலகத்தில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றபின், செஞ்சிக் கடைத்தெருவில் வணிகர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகத்தின் பொறுப்பை ஏற்றேன். முதல் நாள் காலை அதன் தலைவர் என்னை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். அவர் இரும்புக்கடை உரிமையாளர். அறையில் நான்கு மேசைகள்; மேசைக்கு ஒன்றாக நான்கு கணினிகள். அரிசி ஆலை அலுவலகம் ஒன்று வேண்டாமென்று கழித்துக் கொடுத்தவை.

"ஐயா, ஓடற வரைக்கும் ஓடட்டும். ஜனங்க வந்து சிட்டா, ரிசல்ட்டுன்னு பாத்துட்டுப் போவட்டும். ஓடலன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, எடைக்கு நானே எடுத்துக்கறேன்" என்றார் தலைவர்.

அறையின் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதுக்குத்தான் சார் ஒரு வருஷமா கண்ணு வெச்சிருக்காரு. நான் குடுக்கல."

அக்குரலுக்கு உரியவர் ராணி. கணினி அறையின் பொறுப்பாளர். தட்டச்சுப் பயிலகத்தில் பல்லாண்டு பயிற்றுவித்தவர்; நாற்பத்தைந்து வயதிருக்கும். கணினியைப் பிரித்துத் தூசி தட்டி மாட்டுவதிலிருந்து இயங்குதளம் நிறுவுவது வரை தாமே கற்றுக்கொண்டவர்.

அக்கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. எல்லோரும் பயன்படுத்தும் பெரிய உலாவியைத் திறந்தால், எதிர்க்கடையில் தேநீர் சொல்லிக் குடித்துவிட்டு வரலாம். அப்போதும் பக்கம் பாதிதான் வந்திருக்கும். ஆகவே ராணி நான்கிலும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவி, தன்னார்வலர்கள் இலவசமாக ஆக்கித் தந்த எடை குறைந்த திறமூல உலாவி ஒன்றைச் சேர்த்திருந்தார். அது கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். பக்கங்களோடு சேர்ந்து வரும் நிரல்களை அது இயக்காது. ஆடும் படங்கள், குதிக்கும் விளம்பரங்கள் எவையும் வாரா. எழுத்து, படிவம், பொத்தான் ஆகியவை வரும். நில ஆவணம் பார்க்கவும் எளிய விண்ணப்பம் நிரப்பவும் அவை போதும்.

வருகிறவர்களுக்கு இது முதலில் புரியாது. ஒருவர் கேட்டார்: "இன்னாம்மா, படம் ஒண்ணும் ஓடல?"

"படம் ஓடணும்னா தியேட்டருக்குப் போங்கண்ணே. சிட்டா வேணும்னா ஒக்காருங்க" என்றார் ராணி.

2. ஒரு கோப்பு, ஒரு பிணக்கு

இவ்வுலாவியின் அமைப்புகள் யாவும் எளிய எழுத்துக்கோப்புகளில் இருந்தன. ஒவ்வொரு வரிக்கு மேலும் அது எதற்கு என்று ஆக்கியோர் ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள். நூலகத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாளுக்கு ஒரு பக்கமாக, அகராதி துணைகொண்டு இரண்டு வாரத்தில் முழுவதும் படித்து முடித்தேன். ஊதியமின்றி உழைத்து, முகம் காட்டாமல், பிறருக்குப் புரிய வேண்டுமென்று வரிக்கு வரி விளக்கம் எழுதியவர்களை நினைத்து அன்று மனம் நெகிழ்ந்தேன். இன்றும் நெகிழ்கிறேன்.

படித்ததோடு நின்றிருக்கலாம். கோப்பில் ஒரு வரி, பக்கங்கள் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டது. உலாவி ஒரு தளத்தின் வாயிலில் நின்று பக்கம் கேட்கும்போது, 'என்னை அனுப்பியவருக்கு இம்மொழி தெரியும்' என்றும் சொல்லி வைக்கும். தளம் பன்மொழியில் இருந்தால் அதற்கேற்ற பக்கத்தைத் தரும். அவ்வரியில் ஆங்கிலம் இருந்தது. அதை நீக்கிவிட்டுத் தமிழுக்குரிய குறியீட்டை மட்டும் எழுதினேன். ராணி அன்று விடுப்பு. நான்கு கணினிகளிலும் மாற்றிவிட்டுத்தான் எழுந்தேன். பெரும்பாலான தளங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. சில மட்டும் தமிழில் மலர்ந்தன. அம்மகிழ்ச்சியில் இரண்டொரு நாள் திளைத்தேன். பிறகு அதை மறந்தே போனேன்.

அதே கோப்புகளில் இன்னொன்றைப் பற்றி எனக்கும் ராணிக்கும் பிணக்கு வந்தது. ராணி 'குக்கி' என்பார். நான் 'அடையாளச் சீட்டு' என்பேன். நூலக வாயிலில் பையை வைத்தால் வில்லை தருவார்களே, அதுபோல ஒரு தளம் நம்மை நினைவில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும் சீட்டு அது. எங்கள் உலாவி இயல்பாக எவரிடமும் சீட்டு வாங்காது. எந்தத் தளத்திடம் வாங்கலாம் என்று நாம்தான் எழுதித்தர வேண்டும். அதிலும் இருவகை: சாளரத்தை மூடும்வரை வைத்திருப்பது, மூடிய பின்னும் வைத்திருப்பது. அரசுப் பணிகளுக்கான தளங்களுக்கு ராணி இரண்டாம் வகையை எழுதியிருந்தார்.

"பொதுக் கணினியில் இது தகுமா? ஒருவர் எழுந்துபோனபின் அடுத்தவர் அவருடைய கணக்கில் நுழைந்துவிட மாட்டாரா?" என்று கேட்டேன்.

"சார், இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு எங்கியோ அமுக்கி ஜன்னலையே மூடிடறாங்க. அப்பறம் மறுபடியும் ஓடிபி, மறுபடியும் ஆதாரு. ஒவ்வொருத்தரு எழுந்ததும் நானே தொடச்சிடறேன். நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் விட்டுக்கொடுத்தேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

3. வெற்றுப் பட்டியல்

அறுவடைக் காலம். நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொடுக்க இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பதிவின் கடைசி நாள் அது. மாலை ஐந்து மணியோடு முடிகிறது. காலையிலிருந்தே ராஜகிரிக் கோட்டைமலைக்கு மேல் மேகம் தங்கியிருந்தது. ராணி தம் மகளின் பள்ளிக் கூட்டத்துக்காக நண்பகலில் புறப்பட்டுப் போயிருந்தார்; மூன்றரைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஒன்றரை மணிக்கு ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். தளவானூர் உழவர், பெயர் ஏழுமலை. கையிலிருந்த நெகிழிப்பையில் சிட்டாவும் வங்கிப் புத்தகமும் இருந்தன.

"சார், நெல்லு பதியணும். ரெண்டு கம்ப்யூட்டர் கடையில கேட்டுட்டேன். கூட்டம் தெருவுல நிக்குது, நாளைக்கு வான்றாங்க. நாளைக்கு வந்து நான் இன்னா பண்றது?"

"நெல் எங்கே இருக்கிறது?"

"களத்துல கொட்டி வெச்சிருக்குது. மேல போட்டிருக்கிற தார்ப்பாய் பக்கத்து ஊட்டுக்காரனுது. மழ வந்தா அவன் நெல்லுக்கு அவன் எடுத்துக்குவான். கேட்டா தப்பு சொல்ல முடியுமா?"

அமரச் செய்து பதிவைத் தொடங்கினேன். முதல் பக்கம் அழகிய தமிழில் வந்தது. பெயரும் ஆதார் எண்ணும் நிரப்பினேன். அவருடைய பொத்தான் கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணை அவர் உரக்கப் படிக்க, நான் இட்டேன். தளம் ஏற்றுக்கொண்டது, பக்கத்தின் உச்சியில் 'ஏழுமலை' என்று பெயரும் வந்தது. மாவட்டமும் வட்டமும் தேர்ந்தெடுத்துத் 'தொடர்க' என்பதை அழுத்தினேன். அடுத்த பக்கத்தில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். அதைத் திறந்தால் 'தேர்ந்தெடுக்கவும்' என்ற ஒரே சொல். அதன்கீழ் ஒன்றுமில்லை.

"எங்க ஊரு இல்லியா சார்?"

"எந்த ஊருமே இல்லை."

"எல்லா ஊரையும் எடுத்துட்டாங்களா?" என்றார் ஏழுமலை. அச்சத்திலும் அவருக்கு நகைச்சுவை இருந்தது. எனக்குச் சிரிக்க வரவில்லை.

பக்கத்தை மீண்டும் வரவழைத்தேன். அதே வெறுமை. அடுத்த கணினிக்குப் போய் அவர் எண்ணை இட்டேன். 'இவ்வெண்ணில் பதிவு வேறொரு கருவியில் தொடங்கப்பட்டுள்ளது. நாளை முயல்க' என்று வந்தது. அப்போதுதான் நிலைமை விளங்கியது. முதல் கணினியில் நான் தொடங்கி வைத்ததால், இனி உலகத்தின் வேறெந்தக் கணினியிலும் இவருக்கு இன்று பதிவு நடக்காது. கூட்டம் குறைந்து மற்றக் கடைக்காரர்கள் அழைத்தாலும் நடக்காது. அவருடைய ஆறு மாத உழைப்பை இந்த ஒரு சாளரத்தில் அடைத்துவிட்டேன்.

உதவி எண்ணுக்குத் தொலைபேசினேன். நெடுநேரம் இசை கேட்டபின் ஒரு குரல், "பெரிய பிரவுசர்ல டிரை பண்ணுங்க சார்" என்றுவிட்டு அகன்றது. எங்கள் நான்கிலும் அது இல்லை.

பழுது வந்தால் கண்டறிய நான் எப்போதும் கையாளும் முறை ஒன்றுண்டு. உலாவியை, கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையம் என்ற சாளரத்திலிருந்து திறந்து வைத்திருப்பேன். எங்கு தடுக்கினாலும் அது அங்கே ஒரு வரி எழுதும். அன்று முனையத்தைப் பார்த்தேன். ஒரு குறையும் எழுதவில்லை. பக்கம் முழுமையாக வந்து சேர்ந்ததாகச் சொன்னது. பக்கத்தின் மூல நிரலையும் திறந்து பார்த்தேன். பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

இந்த இரண்டு சான்றுகளும் ஒரே செய்தியைத்தான் சொல்லின: தளம் அனுப்பியதே வெற்றுப் பட்டியல், உலாவி அதை உள்ளபடி காட்டுகிறது. நான் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. 'எடை குறைந்த உலாவி, நிரலை இயக்காது, ஆகவே பட்டியலை நிரப்பத் தெரியவில்லை' என்று தீர்ப்பெழுதிவிட்டேன். இத்தனை நாள் போற்றிய பொருளை நெருக்கடியில் முதல் ஆளாகக் குற்றம் சாட்டினேன்.

மணி மூன்று கடந்தது. அடையாளச் சீட்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவோம் என்று எண்ணினேன். "இதை அழித்துவிட்டுப் புதிதாகப் பார்ப்போம்" என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

"அழிச்சா, நான் சொன்ன ஓடிபியும் சேந்து போயிடுமா சார்?"

கையை எடுத்துக்கொண்டேன். சீட்டு அழிந்தால் இந்தக் கணினியும் தளத்துக்கு அயற்கருவி ஆகிவிடும்; இருக்கும் ஒரே வாயிலையும் நானே அடைத்திருப்பேன். கணினியில் விரல் வைத்தறியாத ஒருவர் கேட்ட கேள்வி அன்று என்னைத் தடுத்தது. அதற்கு நான் அவருக்கு நன்றி சொன்னதாக நினைவில்லை. இங்கே சொல்கிறேன்.

4. ராணியின் கேள்வி

மூன்று நாற்பதுக்கு ராணி வந்தார்.

"இன்னா சார், மூஞ்சி இப்படி வேத்துருக்குது? ஃபேன் ஓடலியா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் நின்றபடியே திரையைக் குனிந்து பார்த்தார்.

"நேத்து எங்க அண்ணன் நெல்ல என் போன்லதான் பதிஞ்சேன். ஊரு பேரெல்லாம் வரிசையா வந்துச்சே" என்றவர், சற்று நிறுத்தி, "இன்னா சார் இது, எல்லாம் தமிழ்ல இருக்குது?" என்றார்.

"தமிழில் இருப்பதில் என்ன வியப்பு? அப்படித்தானே இருக்க வேண்டும்?"

"இருக்கணும் சார். நேத்து இல்லியே. என் போன்ல இங்கிலீஷ்லதான் வந்துது. நமக்கு மட்டும் ஏன் தமிழ்ல வருது?"

அக்கேள்வி காதில் விழுந்த கணத்திலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. 

"ராணி, போன மாதம் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். மொழி வரியிலிருந்து ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன்."

"எந்தப் பொட்டியில?"

"நான்கிலும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா சார்? நான் ஒரு குக்கி எழுதுனதுக்கு எவ்ளோ பேசுனீங்க!"

"யக்கா, சண்டய அஞ்சு மணிக்கு மேல வெச்சிக்குங்க" என்றார் ஏழுமலை.

எங்கள் உலாவி ஒவ்வொரு முறையும், 'வந்திருப்பவருக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது' என்று தளத்திடம் சொல்லியிருக்கிறது. தளமும் அதை நம்பித் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. தலைப்பும் பொத்தானும் தமிழில் ஆயத்தமாக இருந்தன. ஊர்ப்பட்டியலைத் தமிழில் எவரும் ஏற்றவில்லை. உலாவி நான் எழுதிக்கொடுத்ததை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னது. அதன்மேல் ஒரு பிழையும் இல்லை.

வரியைத் திருத்துவது நொடி வேலை. சிக்கல் வேறொன்று. உலாவி தான் திறக்கப்படும்போது மட்டுமே அமைப்புக் கோப்பைப் படிக்கும். புதிய வரி நடைமுறைக்கு வர வேண்டுமானால் சாளரத்தை மூடித் திறக்க வேண்டும். மூடினால் ஏழுமலையின் சீட்டு தங்குமா?

"குக்கிய நான் 'மூடனாலும் வெச்சிக்கோ'ன்னுதான் எழுதியிருக்கேன். அத மாத்துனீங்களா?" என்று கேட்டார் ராணி.

"மாற்றவில்லை."

"சத்தியமா?"

"உறுதியாக."

நான் அன்று வாதிட்டபடி நடந்திருந்தால், அந்தச் சாளரத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். தமிழை முதலாகவும் ஆங்கிலத்தை அடுத்ததாகவும் எழுதிச் சேமித்தேன். அப்போதும் ஆசை விடவில்லை. ராணி என் கையிலிருந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "சார், இப்ப இங்கிலீஷ மொதல்ல போடுங்க. தமிழ மொதல்ல கேட்டா மறுபடியும் அதே வெத்துப் பட்டியலத்தான் குடுப்பான்." வரிசையை மாற்றினார், சாளரத்தை மூடினார்.

திரையில் வெறும் நீல நிறம். ஏழுமலை எழுந்து நின்றுவிட்டார்.

ராணி மீண்டும் திறந்தார். பக்கம் ஆங்கிலத்தில் வந்தது. உச்சியில் ஏழுமலையின் பெயர் அப்படியே இருந்தது. பட்டியலைத் திறந்தார், ஊர்கள் ஆங்கில எழுத்தில் நீளமாக இறங்கின.

"இருக்குது, தளவானூரு இருக்குது" என்றார் ராணி.

"எங்க, காட்டுங்க." ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஏழுமலை, ராணி சுட்டிய இடத்தில் தம் விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

புல எண், பரப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் நிரப்பி அனுப்பியபோது மணி நான்கு முப்பத்தைந்து. அச்சுப்பொறியிலிருந்து வந்த பதிவுச் சீட்டில், நெல் கொண்டுவர மறுநாளுக்கு அடுத்த நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதை மடித்து நெகிழிப்பையில் வைத்துக்கொண்டு, "தார்ப்பாய்க்காரன்கிட்ட ரெண்டு நாளு பொறுத்துக்கச் சொல்றேன்" என்று ஏழுமலை பேருந்துக்கு ஓடினார். அவர் நெல் எடை போட்டு ஏற்றப்பட்ட பிறகே மழை வந்தது. இதை ஏழுமலையே ராணியின் தொலைபேசிக்கு அழைத்துச் சொன்னார்.

5. குறிப்பேடு

அவர் போனபின் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஒரு வாரத்துக்கு முன் மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஓர் அம்மையார், இதே பதிவுக்காக அமர்ந்து, "லிஸ்ட்டே வரல சார்" என்றார். 'தளத்தில் பழுதுபார்க்கிறார்கள் போலும்' என்று சொல்லி நான் அனுப்பிவிட்டேன். வருகைப் பதிவேட்டிலிருந்த எண்ணை அன்று மாலையே அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"அன்னிக்கே திண்டிவனம் போயிட்டோம் சார். மறுநாளு அங்க முடிச்சாச்சு. ரெண்டு நாளு வேல போச்சு, அவ்ளோதான்" என்றார் அவர்.

அந்த 'அவ்ளோதான்' இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் ராணி ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டைக் கயிற்றில் கோத்து முதல் கணினியின் அருகே தொங்கவிட்டார். யார் எந்த அமைப்பை மாற்றினாலும், என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது அவர் விதித்த விதி. முதல் பதிவு என்னுடையது: 'மொழி வரியிலிருந்து ஆங்கிலத்தை நீக்கினேன். காரணம், என் விருப்பம். எவரையும் கேட்கவில்லை.'

தலைவர் அதைப் படித்துவிட்டு, "இன்னா ஐயா, ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கற மாதிரி எழுதிருக்கீங்க" என்று சிரித்தார்.

இந்தப் பணியில் நான் கற்றது இதுதான். கருவி ஒன்று தவறுவதாகத் தோன்றினால், அதற்கு நாம் கடைசியாக என்ன சொல்லி வைத்தோம் என்பதை முதலில் பாருங்கள். நேற்று இயங்கிய இடத்துக்கும் இன்று இயங்காத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் கண்டு சொல்லக்கூடிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பதைக் கேளுங்கள். எனக்கு ராணி வாய்த்தார். அது என் நற்பேறு.

வெற்றுப் பட்டியலைப் பற்றி, அந்தப் பதிவுத் தளத்தை நடத்தும் அலுவலகத்துக்கு விரிவாக ஒரு மடல் எழுதினேன். சில வாரங்களில் அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், தமிழ் லிஸ்ட்டு எங்ககிட்ட ரெடியாத்தான் இருந்துது. ஏத்த மறந்துட்டோம். நீங்க எழுதற வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. தமிழ்ல யாரும் தொறக்கறதில்ல போலன்னு இருந்துட்டோம்."

பட்டியல் ஏறியதும் ராணியின் ஒப்புதலோடு, தமிழை முதலாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வைத்தோம். குறிப்பேட்டில் இருவரும் கையொப்பமிட்டோம்.

அடுத்த பருவத்தில் ஏழுமலை பதிவு தொடங்கிய முதல் நாளே வந்தார். ஓடிபி வரை நான் நிரப்பினேன். ஊர்ப்பட்டியல் வந்ததும் அவர் என் கையை விலக்கி, சுட்டியைத் தாமே பிடித்துக்கொண்டார். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தபடி மெல்ல இறங்கித் தம் ஊரில் வந்து நின்றார்.

"ஊரையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்க போலருக்குது சார்" என்று சொல்லி அழுத்தினார்.